பயனர் பெயர்: நாங்கள்

உள்ளறையிலிருந்து "ஓகே" என்று குரல் வந்தது. இது தண்ணீர் ஓகேவா, தலையணை ஓகேவா, மின்விசிறியைக் குறை என்கிற ஓகேவா, அல்லது சும்மா கிடக்க முடியாமல் வந்த ஓகேவா என்று தண்டபாணிக்குத் தெரியவில்லை. "இதோ வர்றேன் மதி" என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது என்பது அதன் மனம் நோகக் கூடாதே என்பதற்காகச் சொல்வது. உண்மையில் அவர் காபி போட்டு, குடித்து, தம்ளரைக் காலடியில் வைத்து, அதில் எறும்பு வந்து சேரும் வரை அது அதே இடத்தில்தான் நின்றது. செல்போன் செயலி செய்வதற்கான சாமான்களை எல்லாம் வீட்டுக் கணினியில் ஏற்றுவது ஒரு காலைப்பொழுது வேலை என்று இணையத்தில் ஒரு வீடியோக்காரர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவருடைய கணினி புதுசு, அவருடைய பெண்டாட்டி நன்றாகப் பேசுகிறவள் போலிருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்வார். தண்டபாணி நூற்பாலையில் கணினிப் பிரிவில் இருந்தவர்; சம்பளச் சீட்டு அடிக்கும் நிரலை ஒற்றை ஆளாக எழுதியவர்; கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கிய காலத்து ஆள். அப்போது எதையும் ஏற்ற வேண்டியதில்லை. உட்கார்ந்தால் வேலை, எழுந்தால் வீடு. இப்போது வேலை செய்வதற்கு முன்னால் வேலை செய்யும் இடத்தையே கட்டவேண்டியிருக்கிறது, அந்த இடத்தைக் கட்டும் கருவிகளை இறக்கவேண்டியிருக்கிறது, அந்தக் கருவிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளாமல் பார்க்கவேண்டியிருக்கிறது, இதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், சாயங்கால ரயிலில் கனியமுது வந்துவிடுவாள், வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போய்விடுவாள். பச்சைக் கோடே, கொஞ்சம் நகரேன்.

ஓகே. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் தண்டனை இருந்தது என்றால் யார் நம்புவார்கள். நிறைமதி தமிழாசிரியை. பூர்ணிமா என்று பெற்றோர் வைத்த பெயரைக் கல்லூரியில் படிக்கும்போதே நிறைமதி என்று மாற்றிக்கொண்டவள். கல்யாணம் ஆனதும் புருஷனையும் மாற்றப் பார்த்தாள். தண்டபாணி வடமொழி, தண்டம் என்றால் கோல், பாணி என்றால் கை, ஆகையால் நீங்கள் இனிமேல் கோலேந்தி என்றாள். ஆலையில் மேஸ்திரி முதல் மேலாளர் வரை சிரிப்பார்கள், என்னை விட்டுவிடு தாயே என்று அவர் கும்பிடு போட்டதால் தப்பித்தார். ஆனாலும் கோபமோ கொஞ்சலோ வரும்போது கோலேந்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்கு ஒரே சட்டம். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வேளைப் பாத்திரம். சொன்னவர் கழுவ வேண்டும். சட்டம் இருவருக்கும் பொது என்றாலும் கழுவியது என்னவோ தண்டபாணிதான். பஸ் வந்துடுச்சு என்பார், பாத்திரம். ரொம்ப டயர்டா இருக்கு என்பார், பாத்திரம். அவள் கூச்சல் போடமாட்டாள், விளக்கமும் சொல்லமாட்டாள், அவர் சொன்ன சொல்லை அப்படியே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலை அடுக்களைப் பக்கம் நீட்டுவாள், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட அவர் அதிகமாக மாட்டிக்கொண்டது ஓகேயில். பேச்சை முடிக்க அவருக்கு வேறு சொல் கிடையாது. சரி என்றால் முடிந்த மாதிரி இல்லை, ஆகட்டும் என்றால் ஊர்ப் பெரியவர் மாதிரி இருக்கிறது, ஓகே என்றால்தான் ஒரு கதவைச் சாத்தின திருப்தி. "ஓகே?" என்பாள் அவள், விரல் நீளும். அப்படி அவருடைய வாயிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி அவள் சேர்த்துவைத்த சொல்தான் இது. ஆடி மாதம் ஒரு காலையில் மூளையில் ரத்தம் அடைத்து வலக்கையும் வலக்காலும் விழுந்து, முப்பது வருஷம் வகுப்பறையில் பேசிய தமிழ் முழுக்க அடித்துக்கொண்டு போனபோது, கரையில் மிஞ்சியது இது ஒன்று. எந்தச் சொல் தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, சிலருக்கு வசவு தங்கும், சிலருக்குச் சாமி பெயர் தங்கும் என்றார் மருத்துவர். ஒரு திருக்குறள் தங்கியிருக்கக் கூடாதா. வேண்டாம், ஒரு கோலேந்தியாவது தங்கியிருக்கக் கூடாதா.

"ஓகே. ஓகே." இரண்டு ஓகே என்றால் அவசரம். எழுந்து போனார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் சகாயமேரி வந்து குளிப்பாட்டிப் பின்னிவிட்டுப் போன சடை தோளில் கிடந்தது, வகிடு கோணல். நிறைமதிக்கு வகிடு கோணினால் பிடிக்காது, ஆனால் அதை சகாயமேரியிடம் எப்படிச் சொல்வாள். "தண்ணியா?" "ஓகே." தம்ளரை நீட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஃபேனா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் அவள் விரல் எழவில்லை. இந்த நாலு மாதமாக அது எழுவதில்லை. அதுதான் அவரை அதிகமாக பயமுறுத்துகிறது. சட்டம் போட்டவளே சட்டத்தை மறந்துவிட்டால் வீடு வீடாக இருக்குமா. "ஜன்னலைத் திறக்கவா? முதுகு வலிக்குதா? பாத்ரூமா?" எல்லாவற்றுக்கும் ஓகே, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான தலையாட்டல், ஆமாவுக்கும் இல்லைக்கும் தலை ஒரே பக்கம்தான் ஆடுகிறது, அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் பெண் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவள் இடக்கையால் கூடத்துப் பக்கம் காட்டினாள். கூடத்தில் என்ன இருக்கிறது, கணினி இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, காலண்டர் இருக்கிறது. "கூடத்துல ஒண்ணும் இல்ல மதி. நான்தான் இருக்கேன், வேலை பார்த்துக்கிட்டு." "ஓகே" என்றாள். அவர் வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்தால் என்ன பேசுவது. இத்தனை வருஷம் அவள் பேசினாள், அவர் ஓகே சொன்னார். இப்போது அவள் ஓகே சொல்கிறாள், அவர் பேசவேண்டும், அவருக்குத்தான் பேச்சு வருவதில்லையே.

பச்சைக் கோடு ஓரமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதற்கு ஏற்ப உடனே ஒரு சிவப்புப் பெட்டி எழுந்தது. கணினிக்குள்ளேயே ஒரு போன் இருப்பது போல் நடிக்கும் ஒரு போனை ஓட்டவேண்டும், எமுலேட்டர் என்று பெயர், அதற்கு இந்தக் கணினியின் அடிமடியில் ஒரு விசையைத் திறக்கவேண்டும், அது மூடியிருக்கிறதாம். எமுலேட்டர். நிறைமதி இதற்கு என்ன சொல் வைத்திருப்பாள்? போலிப்பேசி என்பாளா, ஒப்புப்பேசி என்பாளா? ஒப்பு என்றால் ஒப்புக்கு என்று அர்த்தம் வந்துவிடும் என்று அவளே மறுத்து, சாயங்காலம் வரை யோசித்து, பொரியலைத் தாளித்துக்கொண்டிருக்கும்போது "கிடைச்சிருச்சு" என்று கத்துவாள். கணினியை அணைத்துப் போட்டார். வீடியோக்காரர் சொன்ன பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தார். முதல் தடவை கை தாமதம், வழக்கமான திரையே வந்தது. மறுபடியும் அணைத்தார். எல்லாவற்றையும் அணைத்துப் போட முடிவதில்லையே. அணைத்தது திரும்ப வரும், ஆனால் வந்தது பழையது மாதிரி வருமா என்பது அணைக்கும்போது தெரிவதில்லையே. மருத்துவமனையில் அவள் கண் திறந்தபோது "மதி, நான் யாருன்னு தெரியுதா" என்று கேட்டார். அவள் அவரை நன்றாகப் பார்த்துவிட்டு, தெளிவாக, உச்சரிப்புச் சுத்தமாக, ஓகே என்றாள். பக்கத்தில் நின்ற கனியமுது அழுதுகொண்டே சிரித்தாள். இந்த முறை பொத்தான் பிடித்துக்கொண்டது. நீலத் திரை, பழைய காலத்து எழுத்து, ஆலையின் வாடை அடிப்பது போல இருந்தது. விசையைக் கண்டுபிடித்துத் திறந்தார். ஒரு வேலை முடிந்தது என்று மனசு குதித்தது. ஒரு வேலைதான் முடிந்தது என்று உடனே உட்கார்ந்தது.

அந்த போன் பேச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். போன ஞாயிற்றுக்கிழமை கனியமுது வீடியோவில் வந்தாள். அலுவலகத்தில் அவளைக் கேனி என்று கூப்பிடுகிறார்களாம், நிறைமதிக்கு இது தெரிந்த அன்று ஒரு வேளை சாப்பிடவில்லை. "அப்பா, போனை அம்மாகிட்ட காட்டுங்க. அம்மா, இங்க பாரும்மா. என்கூட வந்து இருந்துடுறியா? இங்க லிஃப்ட் இருக்கு, கீழயே பிசியோதெரபி இருக்கு. அப்பாவால உன்னைத் தூக்க முடியலம்மா. வர்றியா?" "ஓகே" என்றாள் நிறைமதி. கனியமுதின் முகம் மலர்ந்தது. "அம்மாவே சொல்லிட்டா பாருங்கப்பா." அவர் குறுக்கே விழுந்து சொல்லியிருக்க வேண்டும், அவ எல்லாத்துக்கும் அதைத்தானேம்மா சொல்வா என்று. சொன்னார், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மெதுவாக. "அப்போ அம்மா வரமாட்டேன்னு சொன்னாளாப்பா? நீங்க எப்படி அதை முடிவு பண்ணுவீங்க?" என்றாள் மகள். அதுதான் முள். அதுதான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொண்டையில் நிற்கிறது. அவர் எப்படி முடிவு பண்ணுவார். கனியமுது கெட்டவள் இல்லை, அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. போன மாதம் குளியலறையில் நிறைமதியைத் தூக்கும்போது அவர் இடுப்பு பிடித்துக்கொண்டு இருவருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சகாயமேரி வரும் வரை ஈரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வைக்கும் ரசத்தை அவரே குடிக்க மாட்டார். ராத்திரி குறட்டை விடுகிறார், அவள் எழுப்ப நினைத்தாலும் எழுப்ப முடியாது. எல்லாம் கணக்குப் பார்த்தால் அந்த ஓகே உண்மையான ஓகேவாகவே இருக்கலாம். அவள் போக ஆசைப்படலாம். ஆசைப்பட்டால் என்ன தப்பு. ஒரு தப்பும் இல்லை.

ஆகையால் செயலி. இரண்டே படம். ஒன்று பெங்களூர் வீட்டு வாசல், கனியமுது நிற்கிறாள். இன்னொன்று இந்த வீட்டு வாசல். ஒரு படத்தைத் தொட்டால் போகிறேன் என்று குரல் வரும், இன்னொன்றைத் தொட்டால் போகமாட்டேன் என்று வரும். யாருடைய குரல்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. பேச்சுப் பயிற்சிப் பெண் தன்னுடைய கைபேசியில் ஆயத்தமாக இருந்த ஒரு செயலியைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தைத் தொட்டதும் ஒரு யந்திரப் பெண் "எனக்கு தாகம் எடுக்கிறது" என்றாள், ஒற்று இல்லாமல். நிறைமதி அந்தக் கைபேசியைத் தள்ளிவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. "அட்டையில படமா ஒட்டிக் காட்டினா ரெண்டையும் தொடறாங்க சார். எழுத்தும் இப்போ அவங்களுக்கு எறும்பு ஊர்ற மாதிரிதான். பழகின குரலா இருந்தா ஒருவேளை வேற மாதிரி இருக்கலாம்" என்றாள் அந்தப் பெண். ஒருவேளை. அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டார் தண்டபாணி. பழகின குரல் இருக்கிறது. அவளுடைய குரலே இருக்கிறது. ஊரடங்கு காலத்தில் இதே கணினியின் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திப் பதிவுசெய்த வீடியோக்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நேற்று அவற்றைத் தலையணி மாட்டிக்கொண்டு கேட்டார். ஸ்பீக்கரில் போட தைரியம் இல்லை, உள்ளே கேட்டுவிடும், கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும். ஏழாம் வகுப்பு. "நான் போகிறேன். நான் போகமாட்டேன். எங்கே, சேர்ந்து சொல்லுங்க. போகிறேன். போகமாட்டேன்." என்ன குரல். மணி அடித்தது போல. அதற்குப் பின்னால் எங்கோ குக்கர் விசில், அதற்கும் பின்னால் ஒரு ஆண்குரல் "ஓகே ஓகே, அப்புறம் பேசறேன்" என்று யாரிடமோ போனில். வீடியோவில் நிறைமதி பாடத்தை நிறுத்தி, சட்டென்று பக்கவாட்டில் திரும்பி, விரலை நீட்டினாள். ஏழாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவர் தலையணியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

விசையைத் திறந்தாகிவிட்டது, இனி ஓடவேண்டியதுதானே. ஓட்டினார். போன் மாதிரி ஒரு கறுப்புக் கட்டம் எழும்பி, ஒரு கணம் நின்று, செத்துவிட்டது. திரும்ப ஓட்டினார், திரும்பச் செத்தது. கீழே சின்ன எழுத்தில் புகார். பயனரின் கோப்புறை இருக்கும் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உள்ளன, அந்த இடத்தில் என்னால் எழும்ப முடியாது. பாதையையும் காட்டியிருந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் எழுத்துக்குப் பதிலாக வரிசையாக வெறும் சதுரங்கள், ஜன்னல் சாத்திய வீடுகள் மாதிரி. அந்தச் சதுரங்கள் என்னவென்று அவருக்குத் தெரியும். நாங்கள். இந்தக் கணினி வந்த அன்று, பெட்டியின் தெர்மாகோல் கூடம் முழுக்கப் பறந்துகொண்டிருக்க, பயனர் பெயர் என்ன என்று அது கேட்டது. தண்டபாணி தன் பெயரை அடிக்கப் போனார், கையைத் தட்டிவிட்டாள். "உங்க பேர் எதுக்கு? நானும்தான் பயன்படுத்துவேன்." "சரி, உன் பேர் போடு." "நீங்களும்தான் பயன்படுத்துவீங்க." இருவர் பெயரையும் போட்டால் நீளம். கடைசியில் அவளே விசைப்பலகையை இழுத்து நாங்கள் என்று தமிழில் அடித்தாள். பெயருக்குப் பக்கத்தில் கல்லணையில் இருவரும் எடுத்துக்கொண்ட படத்தை வைத்தாள், அவள் முந்தானை காற்றில் பறந்து அவர் முகத்தைப் பாதி மறைத்திருக்கும். உலகத்தில் வேறு யார் இப்படி ஒரு தப்பைச் செய்வார்கள்? தமிழில் பெயர் வைத்தால் வீடு புகழும் என்று நினைத்தோம், போன் எழும்பமாட்டேன் என்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது, வெளியே பெயர் மாறும், உள்ளே கோப்புறை பழைய பெயரிலேயே இருக்கும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். கோலேந்தியாகாத தண்டபாணிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுற்றுவழி ஒன்றும் இருந்தது, கோப்புகளை வேறு இடத்துக்குக் கடத்துவது. செய்து பார்த்தார், பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது, முன்பு எழும்பிச் செத்த கட்டம் இப்போது எழும்பவே இல்லை. எல்லோரும் கடைசியில் சொல்வது ஒன்றுதான். ஆங்கிலப் பெயரில் புதிதாக ஒரு பயனரை உண்டாக்கு, அதற்குள் போ, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்று.

முதலிலிருந்து. மணி பார்த்தார், பார்க்காமலே இருந்திருக்கலாம். "ஓகே" என்று உள்ளேயிருந்து வந்தது. "வர்றேன் மதி, ஒரே நிமிஷம்." நிமிஷம் தமிழா? நிமிடம் என்று திருத்துவாள். ஒரு தாளில் இரண்டு வீடு வரைந்து அவள் முன்னால் வைத்து ஒரு தடவை தானே கேட்டுப் பார்த்தால் என்ன? அட்டையில் இரண்டையும் தொடுகிறாளாம், அது அந்தப் பெண் கேட்டபோது. தண்டபாணி கேட்டாரா? கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, அந்த அறைக்குள் போய் உட்கார்ந்து, மதி, நீ போறியா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டாரா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால் ஓகே என்பாள், அதற்கு அர்த்தம் இல்லை, அதனால்தான். அதனாலா? இந்தக் கோட்டையும் கட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும் வரைக்கும் கேட்க வேண்டியதில்லை, அதனால் இல்லையா? ஆலையிலும் இதே கதைதான். வீட்டில் ஏதாவது என்றால் நிரலில் ஒரு பிழை இருக்கிறது, இரவு தங்கவேண்டும் என்பார். பிழை இருக்கும், இல்லாமல் இல்லை. மதி, நீ போகமாட்டேன்னு சொல்லிடு. அதுதானே வேண்டும் அவருக்கு. செயலியில் ஒரு பொத்தானை மட்டும் வைத்துவிட்டால் என்ன என்றுகூட நேற்று ஒரு எண்ணம் வந்தது, வந்ததே கேவலம், தலையை உதறிக்கொண்டார். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் ஓகே என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள். அதுதான் பயம். வேறெதுவும் இல்லை, அவ்வளவுதான். ராத்திரியில் இருமினால் பக்கத்திலிருந்து ஓகே என்று ஒரு குரல் வருமே, அது வராது.

புதிய பயனரைச் சேர் என்பதைச் சொடுக்கினார். பெயர் கேட்டது. விரல் விசைப்பலகை மேல் நின்றது. பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு எழுத்தாக, தண்டபாணி என்று அடித்தார். இந்த வீட்டில் இந்தக் கணினியில் அவர் தன் பெயரை மட்டும் அடிப்பது இதுதான் முதல் தடவை. அடித்து முடித்ததும் திரும்பிப் பார்த்தார், யாராவது பார்த்துவிட்டார்களோ என்பது போல. புதிய கணக்கு தயார் என்றது கணினி. பழையதிலிருந்து வெளியேறினார். திரை ஒருமுறை இருண்டு, நுழைவுப் பக்கம் வந்தது. யாராக உள்ளே போகிறீர்கள் என்று கேட்பது போல இரண்டு வட்டங்கள். ஒன்றில் கல்லணைக் காற்று, முந்தானை, கீழே நாங்கள். இன்னொன்றில் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு தலை, கீழே ஆங்கிலத்தில் அவர் பெயர். சுட்டியை இரண்டாவது வட்டத்தின் மேல் கொண்டுபோனார். உள்ளே தம்ளர் விழுந்து உருண்டது. உருண்டு உருண்டு சுவரில் முட்டி நின்றது. "ஓகே! ஓகே! ஓகே!"

ஓடினார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்ளரை அவளேதான் தட்டிவிட்டிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கோபம், சுத்தமான பழைய கோபம். இடக்கை கூடத்தையே காட்டியது. அப்போதுதான் மரமண்டைக்கு உறைத்தது. கூடத்தில் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. தன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாள். காலையிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "கூடத்துக்கு வர்றியா?" "ஓகே" என்றாள், இத்தனை நேரம் என்ன செய்தாய் என்கிற மாதிரி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் இறக்கினார். வகிட்டைச் சீப்பால் நேராக்கிவிட்டார். கணினியின் முன்னால் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார், தானும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். திரை இன்னும் அந்த இரண்டு வட்டங்களோடு காத்திருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். எழுத்து அவளுக்கு எறும்புதான் என்கிறார்கள். ஆனால் எந்த எறும்பு தன் புற்று எறும்பு, எந்த எறும்பு அயல் எறும்பு என்று கூடவா தெரியாமல் போகும். மேல் வட்டத்தைப் பார்த்தாள், கீழ் வட்டத்தைப் பார்த்தாள், அங்கேயே வெகுநேரம் கண் நின்றது. பிறகு இடக்கை எழுந்தது. ஆள்காட்டி விரல் நீண்டது. திரையைத் தொடப் போகிறாள் என்று தண்டபாணி நினைத்தார். விரல் ஆங்கிலப் பெயரைக் காட்டிவிட்டு, திரையைத் தாண்டி, அவரைத் தாண்டி, அடுக்களைப் பக்கம் போய் நின்றது. "பசிக்குதா?" "ஓகே." "காபியா?" "ஓகே." விரல் இறங்கவில்லை. மறுபடி ஆங்கிலப் பெயர், மறுபடி அடுக்களை. "பாத்திரமா?" என்று கேட்டபோது அவருடைய குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. "அடிப்பாவி. பாத்திரம் கழுவச் சொல்றியா?" அவளுடைய வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறியது, மற்றப் பக்கம் ஏற முடியாமல் அங்கேயே நின்றது, ஆனால் அது சிரிப்பு, சந்தேகமே இல்லாத சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரும் வந்தது. "நீ மட்டும்? நாலு மாசமா நீ சொன்ன ஓகேக்கு எல்லாம் கணக்குப் பார்த்தா இந்தத் தெருப் பாத்திரம் முழுக்க நீதான் கழுவணும், தெரியுமா?" "ஓகே" என்றாள், தோள் குலுங்க.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும், முடிந்துவிட்டால் கேட்க வராது என்று அவருக்குத் தெரிந்தது. அவளுடைய இடக்கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "மதி. பாப்பா சாயங்காலம் வர்றா. உன்னை அவகூட பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறா. அங்க எல்லா வசதியும் இருக்கு. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன். நீ போறியா?" கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பாதத்தைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. ஓகே வரும். எப்போதும் போல வரும். வந்ததும் என்ன செய்வது என்று யோசித்தார். வரவில்லை. கை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. நிமிர்ந்தார். அவளுடைய உதடு அந்தச் சொல்லுக்காக ஏற்கெனவே குவிந்திருந்தது; கேட்கிற எதற்கும் தானாக எழுந்து வரும் சொல், அவளையும் கேட்காமல் வரும் சொல், இப்போதும் கிளம்பிவிட்டது. நிறைமதி தன் இடக்கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். விரல்கள் கன்னத்தில் பதிந்து வெளுத்தன. தொண்டைக்குள் ஏதோ ஏறி, முட்டி, திரும்ப இறங்கியது. கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்டபாணி இரண்டாவது தடவை கேட்கவில்லை. கனியமுது வரட்டும், அவளும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். செயலி அதற்குப் பிறகு மெதுவாக ஏறிக்கொள்ளும். தண்ணீருக்கும் தலையணைக்கும் அது வேண்டித்தான் இருக்கிறது. எழுந்து அடுக்களைக்குப் போனார். நேற்றைய பாத்திரமும் சேர்ந்து தொட்டி நிறையக் கிடந்தது. குழாயைத் திறந்து, நாரை எடுத்து, திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை.